ஜவ்வரிசியில் செய்த ஸ்லைம்

1

ஸ்லைம் என்றால் என்ன என்று ஊரில் இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையில் எடுத்தால் ஒழுகும், இழுத்தால் நீளும், உருட்டினால் உருண்டையாகும், கீழே வைத்தால் மெல்லத் தட்டையாகிவிடும் ஒரு கொழகொழப்பு. அதை வைத்து ஒரு காரியமும் ஆகாது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை அதைச் சாப்பாட்டை மறந்து பிசைந்துகொண்டிருக்கும்.

என் இளைய மகள் தியாவுக்கு ஐந்து வயது. மூத்தவள் மித்ராவுக்கு எட்டு. நான் ஜெர்மனியின் தெற்கே ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிறிய ஊரில், மூன்றாவது மாடியில், தனியாக இருக்கிறேன். பிள்ளைகள் அவர்களுடைய அம்மா கோமதியோடு பக்கத்து நகரத்தில் இருக்கிறார்கள். நாங்கள் பிரிந்து நான்கு குளிர்காலம் ஆகிறது. சண்டையெல்லாம் ஓய்ந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோமதி காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவாள். மாலை ஆறு மணிக்குக் கீழிருந்து மணி அடிப்பாள். மேலே அவள் வந்ததில்லை.

பத்து மணிக்கு வரும் பிள்ளைகள் பல் தேய்த்து, தலை சீவி, வெளியே போகும் உடுப்போடு வருகிறார்கள். விருந்துக்கு வருகிற மாதிரிதான். தூக்கக் கலக்கத்தில் மித்ரா எப்படி இருப்பாள் என்பது எனக்கு மறந்துகொண்டிருந்தது. தியாவை அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அப்படிப் பார்த்ததோடு சரி. அதனால் இந்தக் குளிர்காலத்தில் கோமதியிடம் ஒன்று கேட்டேன். மாதம் ஒருமுறையாவது பிள்ளைகள் என்னோடு இரவு தங்கட்டும்.

அவள் மறுக்கவில்லை. "எனக்கு ஒன்னுமில்லீங்க. ஆனா ஆபீஸ்ல சொல்லிட்டுச் செய்யலாமுங்க. நாமளா ஒன்னு பண்ணிட்டு அப்பறம் அது வம்பாயிடக் கூடாது" என்றாள். பிரிந்தபோது எழுதிய ஒப்பந்தம் குழந்தைகள் நல அலுவலகத்தின் வழியாக எழுதியது. அதில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றாலும் அவர்கள் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும். மூத்த பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும். அதன் பிறகுதான் முடிவு சொல்வார்கள். விண்ணப்பத்தில் பிள்ளைகள் படுக்கும் அறையின் நீள அகலத்தைக் கேட்டிருந்தார்கள். அளந்து எழுதினேன். ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்கவில்லை, அதையும் எழுதினேன்.

2

விண்ணப்பம் கொடுத்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, தியா கேட்டது ஸ்லைம். பாலர் பள்ளியில் ஒரு தோழி டப்பாவில் கொண்டுவந்தாளாம். கோமதி கார் கண்ணாடியை இறக்கி எச்சரித்தாள்.

"ஏனுங்க, கடையில விக்கற ஸ்லைமு கிலைமு எதும் வாங்கிக் குடுத்துராதீங்க. போன தடவ கையெல்லாம் செவந்து தோலு உரிஞ்சு போச்சு இவளுக்கு."

"வீட்டுல செஞ்சா?"

"என்னமோ பண்ணுங்க. கையில ஒட்டாம, தலமுடியில சிக்காம, கார்ல கொண்டாராம இருந்தாச் சரி."

அடுத்த முறை செய்து தருகிறேன் என்று தியாவிடம் சொன்னேன். செய்முறைகளைப் படித்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் பசையும் வெண்காரமும் வேண்டும் என்றிருந்தது. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் வெண்காரத்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். இங்கே மருந்துக்கடையில் போய்க் கேட்டேன். கடைக்கார அம்மாள் எதற்கு என்று கேட்டார்.

"பிள்ளைகளுக்கு" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "விளையாட" என்று சேர்த்துக்கொண்டேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. இந்த நாட்டில் அதைச் சாதாரணமாக யாருக்கும் விற்பதில்லை என்றும், பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது என்றும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்குப் புரியவேண்டும் என்பதற்காகச் சொன்னார். இருபது ஆண்டாக இங்கே இருக்கிறேன். எனக்கு முதல் தடவையே புரிந்தது. இருந்தாலும் இரண்டாம் தடவையும் நின்று கேட்டுவிட்டு, நன்றி சொல்லி வெளியே வந்தேன்.

அப்போதுதான் என் சமையலறையில் இருக்கும் ஜவ்வரிசி நினைவுக்கு வந்தது.

3

ஒரு டம்ளர் ஜவ்வரிசியை முந்தின நாளே ஊறவைத்தேன். நான்கு டம்ளர் தண்ணீரில், சிறு தீயில், அடி பிடிக்காமல் கிண்ட வேண்டும். வெள்ளை மணிகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியாகும். எல்லாம் கண்ணாடியானதும் துணியில் வடிகட்டினால் கெட்டியான கஞ்சி. ஆறியதும் மரவள்ளி மாவைத் தூவிப் பிசைந்து, ஒட்டாமல் இருக்க இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய், நிறத்துக்குப் பீட்ரூட் சாறு. வாயில் போனாலும் கெடுதல் இல்லை.

பிள்ளைகள் வந்தபோது ஊறிய மணிகள் பாத்திரத்தில் இருந்தன.

"இது என்னங்கப்பா, மீன் முட்டையா?" என்றாள் மித்ரா. கோமதியின் ஊரான நாமக்கல்லை அவள் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறாள். ஆனால் பேசுவது முழுக்க அம்மாவின் தமிழ்.

"ஜவ்வரிசி. பாயசத்துல போடுவாங்களே, அது."

"பாயசத்துலயா ஸ்லைம் செய்யப் போறீங்க?"

தியா ஜெர்மனில் ஏதோ சொன்னாள். நான் தமிழில் சொல்லச் சொன்னேன். அவள் அக்காவைப் பார்த்தாள்.

"தவளை முட்டைங்கறாப்பா."

எனக்கும் தியாவுக்கும் நடுவில் இப்போதெல்லாம் மித்ராதான். நான் ஜெர்மனில் பேசினால் தியாவுக்குச் சிரிப்பு வருகிறது. என் உச்சரிப்பு அப்படி. தமிழில் பேசினால் புரிந்துகொள்கிறாள், பதில் மட்டும் அந்த மொழியில் வருகிறது. மித்ராவுக்கும் இந்த மொழிபெயர்ப்பு வேலை சலித்துவிட்டால் நாங்கள் இருவரும் என்ன செய்வோம் என்று சில நேரம் நினைப்பதுண்டு.

ஸ்லைம் நன்றாக வந்தது. வெதுவெதுப்பாக, இளஞ்சிவப்பாக, பளபளவென்று. சமையலறையில் தியா ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மித்ரா மறுமுனையை இழுத்துக்கொண்டு படுக்கையறை வாசல் வரை போனாள். நான் நடுவில் அது தரையைத் தொடாமல் இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டு நின்றேன்.

"அறுந்துச்சுன்னா நீங்கதான் தோத்தீங்கப்பா."

"நான் ஏன்? இழுக்கறது நீங்க ரெண்டு பேரு."

"நடுவுல இருக்கறவங்கதான் தோக்கோணும். அதுதான் ஆட்டம்."

தோற்றேன். பதினோரு முறை தோற்றேன். ஆறு மணிக்குக் கீழே மணி அடித்தபோது தியா ஸ்லைமை விடவில்லை. கார்ல ஏத்த அம்மா விடமாட்டாங்க என்று மித்ரா எடுத்துச் சொன்ன பிறகு, ஒரு மூடி போட்ட டப்பாவில் அதைப் படுக்கவைத்து என் கையில் கொடுத்தாள். அன்றைக்கு முதல்முறையாக என்னிடம் தமிழில் பேசினாள்.

"அப்பா, இது சாவக் கூடாது."

சாகாது என்று வாக்குக் கொடுத்தேன்.

4

குளிர்பெட்டியில் வைத்தால் கல்லாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஈரத்துணி சுற்றி, கூடத்தில் வெப்பமூட்டியின் அருகே வைத்தேன். தினமும் காலையில் துணியை நனைத்துப் போட்டேன். வேலையிலிருந்து வந்ததும் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். நீண்டது. உயிரோடு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அந்த வீட்டில் நான் திரும்பி வரும்வரை காத்திருக்க ஏதோ ஒன்று இருந்தது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

மிச்சக் கஞ்சியை வீணாக்கவில்லை. எங்கள் வீடு ஆத்தூரில். அப்பா ஜவ்வரிசி ஆலையில், எங்கள் பக்கத்துப் பேச்சில் சேகோ பேக்டரியில், மேஸ்திரியாக இருந்தார். ஆலையில் உடைந்த குருணை மலிவாகக் கிடைக்கும். அதில் அம்மா வாரம் ஒருநாள் கஞ்சி காய்ச்சி, அப்பாவின் வெள்ளைச் சட்டைகளையும் வீட்டிலுள்ள அத்தனை விரிப்புகளையும் அதில் முக்கிப் பிழிந்து மொட்டைமாடியில் காயப்போடுவார். ஆத்தூர் வெயிலில் ஒரு மணி நேரம் போதும். எடுக்கும்போது சட்டை தகரம்போல இருக்கும். கையைப் பிரித்தால் பட்டென்று சத்தம் வரும். ஆலை வேலைக்குப் போகிறவர் அழுக்காகப் போவார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அப்பாவுக்குப் பிடிவாதம்.

கோமதியோடு இருந்தவரை துணிகள் இயந்திரத்தில் போய் இயந்திரத்தில் காய்ந்தன. தனியாக வந்த பிறகு நான் மறுபடியும் கஞ்சி போட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை நீளமானது, ஏதாவது செய்ய வேண்டும். அலுவலகச் சட்டை ஐந்து, படுக்கை விரிப்பு, போர்வை உறை. குளியலறையிலும் கூடத்திலும் மடக்குக் கொடியில் விரித்துவிட்டால், குளிர்காலத்தில் செவ்வாய்க்கிழமை வாக்கில் காயும். இஸ்திரி போட்டால் பழைய மொடமொடப்பு வந்துவிடும்.

பிள்ளைகளுக்கென்று வாங்கிவைத்த புது விரிப்புகளுக்கும் உறைகளுக்கும் அந்த வாரம் கஞ்சி போட்டேன். அதிகாரி வருவதற்கு முன் கட்டில் இரண்டையும் தயார் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

5

அதிகாரி வியாழக்கிழமை வந்தார். என் வயதுதான் இருக்கும், நிதானமான பெண்மணி. வாசலில் காலணியைக் கழற்றட்டுமா என்று அவராகவே கேட்டார். நல்ல ஆரம்பம் என்று நினைத்தேன். கூடத்துக்குள் வந்து ஒரு கணம் நின்றார். பிறகு, ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா என்று கேட்டார். வெளியே பனி கிடந்தது. தாராளமாக என்று சொல்லி, அவருக்குக் குளிரக் கூடாதே என்று வெப்பமூட்டியை ஒரு எண் கூட்டிவைத்தேன்.

அறையைப் பார்த்தார். நான் எழுதிக் கொடுத்த அளவு சரியாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து விரிப்பைத் தடவிப் பார்த்தார். "இது என்ன, விடுதியில்கூட இப்படி இருக்காதே" என்றார். நான் நன்றி சொன்னேன். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

"சமையலறைக் குழாயில் ஏதாவது அடைப்பு உண்டா?"

இல்லை என்றேன். நம்பாமல் போய்விடக் கூடாது என்று ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிக் காட்டினேன். மூன்று வினாடியில் போய்விட்டது. அவர் தலையாட்டினார்.

தேநீர் வேண்டாம் என்றார். கிளம்பும்போது, "உங்கள் வீட்டுக்கு யாராவது வந்து போவார்களா?" என்று கேட்டார்.

"பிள்ளைகள் வருவார்கள்."

"வேறு யாராவது?"

யோசித்தேன். வெப்பமூட்டியின் அளவுமானியைப் படிக்க ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஆள் வருகிறார். அவரைச் சொல்லலாமா என்று தெரியாமல், "தேவைப்பட்டால்" என்று சொன்னேன். அது பதிலாகாது என்பது அவர் படியிறங்கிப் போன பிறகுதான் தோன்றியது.

6

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். தியா கோட்டைக்கூடக் கழற்றாமல் டப்பா எங்கே என்று கேட்டாள். நான் துணியை விலக்கி மூடியைத் திறந்தேன்.

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவுப் பக்கம் ஓடினாள். "செத்துப்போச்சு" என்றாள், தமிழில்.

"இல்ல பாப்பா, நல்லாத்தான் இருக்குது. பாரு, இன்னும் இழுக்குது." நான் அதை எடுத்து நீட்டிக் காட்டினேன். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தேன். லேசான புளிப்பு. மோர்ச் சட்டியில் வரும் அளவு, அவ்வளவுதான்.

மித்ரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நெசமாவே உங்களுக்குத் தெரியலீங்களா?"

"என்னா தெரியல?"

"நாத்தமுங்கப்பா."

"இதுலயா?"

"இதுல இன்னிக்கு ரொம்ப. ஆனா எப்பவுமே இருக்கும். உங்க சட்டையில. கட்டில்ல. அந்தப் போர்வையில."

"எப்பவுமேன்னா?"

"எப்பவுமேதான்."

"அப்ப ஏன் நீ சொல்லல?"

"அம்மா சொல்லியிருக்காங்க. ஆரூட்டுக்குப் போனாலும் நாத்தம்னு சொல்லக் கூடாது, அவிங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு."

யார் வீட்டுக்குப் போனாலும். கோமதி பிள்ளையை நன்றாகத்தான் வளர்க்கிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் டப்பாவை மூடினேன்.

மித்ரா கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே அடுத்ததைச் சொன்னாள். "நேத்து அந்த ஆபீஸ் அம்மா எங்க ஸ்கூலுக்கு வந்தாங்கப்பா. அப்பா ஊட்டுல ராத்திரி படுத்துக்கறியான்னு கேட்டாங்க. நான் வேண்டாம்னுட்டேன்."

"இதுக்காகவா?"

"போர்வை மூஞ்சிகிட்ட வருமுங்கல்ல."

ஆத்தூரிலிருந்து சேலத்துக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு நான் சொல்லும் வாசம் தெரியும். ஆலைகள் வரிசையாக இருக்கும் இடத்தில், புளித்த மரவள்ளிக் கிழங்குத் தண்ணீரின் நாற்றம் பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெளியூர்க்காரர்கள் கர்ச்சீப்பை எடுப்பார்கள். வைத்த கர்ச்சீப்பை அயோத்தியாப்பட்டணம் தாண்டியும் எடுக்காதவர்கள் உண்டு. நாங்கள் பள்ளிப் பையன்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்போம். எதற்காக இப்படி நடிக்கிறார்கள் என்று உண்மையாகவே எங்களுக்குத் தெரியாது. கோமதி வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்த அன்று, அவளுடைய மாமா காப்பியைக் கீழே வைத்துவிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்க, பக்கத்துல எலி கிலி எதாச்சும் செத்துக் கெடக்குதுங்களா?" அப்பா எழுந்து போய்த் திண்டு, அலமாரி எல்லாவற்றுக்கும் பின்னால் தேடிவிட்டு வந்து, "ஒண்ணும் இல்லியே" என்றார். உண்மையில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்த கஞ்சிக்கு வாசமில்லை. மூடிய ஜன்னலுக்குள் இரண்டு நாள் ஈரமாகக் கிடக்கும் கஞ்சி, ஆலைத் தொட்டியில் கிடக்கும் அதே தண்ணீர்தான். யோசித்தால் எனக்கே விளங்கும் விஷயம். மூக்கு சொல்லாததால் யோசிக்கவில்லை.

"சரி, நீயே பாத்துச் சொல்லு. எது எது?" என்று அலமாரியைத் திறந்துவிட்டேன்.

மித்ரா ஒவ்வொன்றாக முகர்ந்தாள். தியாவும் சேர்ந்துகொண்டாள். அவளுக்கு அது புது விளையாட்டு. "நாறுது" என்ற சொல்லை அக்காவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு சட்டைக்கும் கையைத் தூக்கி, நீதிபதி மாதிரி, "நாறுது" என்றாள். இடப்பக்கம் பெரிய குவியல் சேர்ந்தது. வலப்பக்கம் இரண்டு பனியனும் ஒரு கம்பளிக் குல்லாயும் கிடந்தன.

"அப்பா, நாளைக்கி ஆபீசுக்கு என்ன போட்டுட்டுப் போவீங்க?"

"நாளைக்கி ஞாயித்துக்கிழமை."

"திங்கக்கெழமைக்கு?"

"குல்லாயிதான்."

மித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆறு மணிக்கு அவர்கள் போனார்கள்.

7

நான் பம்பு செய்யும் ஓர் ஆலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். எங்கள் அறையில் நான்கு மேசை. என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலை, நான் வந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில், யாராவது ஒருவர் எழுந்து வந்து திறந்துவிடுவார். பனி பெய்தாலும் திறப்பார். நாங்கள் பிரிந்த முதல் ஆண்டில் இதைக் கவனித்தேன். மதியச் சாப்பாடு காரணம் என்று நினைத்து, புளிக்குழம்பு கொண்டுபோவதை நிறுத்தினேன். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுபோனேன். அப்போதும் ஜன்னல் திறந்தது. டிராமில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் அடுத்த நிறுத்தத்தில் எழுந்து வேறு இடத்துக்கு மாறுவார். பிறந்தநாள் கேக் வெட்டும்போது எனக்கு ஒரு துண்டு மேசைக்கே வந்துவிடும், அழைப்பு வராது.

சாப்பாட்டை மாற்றியும் மாறாததால், அது நான்தான் என்று முடிவு செய்தேன். என் நிறம், என் பேச்சு, நான் வந்த நாடு. அப்படி முடிவு செய்த பிறகு நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் நேராக வீடு. நான்கு குளிர்காலம் அப்படித்தான் போனது. நியாயம் என் பக்கம் இருக்கிறது என்ற எண்ணம் கொஞ்சம் துணையாகவும் இருந்தது.

இப்போது அந்தத் துணையும் இல்லை. அவர்கள் விலகியது என்னைக் கண்டா, கஞ்சியைக் கண்டா என்று பிரித்துப் பார்க்க இனி வழியில்லை. இரண்டும் கலந்தேகூட இருக்கலாம். ஒருவராவது சொல்லியிருக்கலாமே என்று முதலில் கோபம் வந்தது. சொல்லியிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன் என்றும் எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் ஜன்னலை மட்டும் திறந்தார்கள்.

கஞ்சி போடாத சட்டையோடு நான் வேலைக்குப் போன வாரத்தில் ஜன்னல் ஒருநாள் திறந்தது, மற்ற நாள் திறக்கவில்லை. எதையும் முடிவு செய்யவில்லை.

8

எல்லாவற்றையும் வினிகர் விட்டு இரண்டு முறை துவைத்தேன். திரைச்சீலை, கம்பளம், மெத்தை உறை. சுவர்களைத் துடைத்தேன். வீட்டில் வெங்காயம் வதக்குவதை நிறுத்தினேன். பெருங்காய டப்பாவைப் பால்கனியில் வைத்தேன். எது நாறுகிறது என்று எனக்கே தெரியாதபோது எல்லாவற்றையும் நிறுத்துவதுதான் ஒழுங்கு.

அடுத்த முறை மித்ரா வந்ததும் கேட்காமலே அறை அறையாக முகர்ந்துவிட்டு வந்தாள். "இல்லீங்கப்பா" என்றாள். "எதும் இல்ல." தியா ஸ்லைம் கேட்டாள். புதிதாகச் செய்தோம். ஆனால் சாயங்காலம் அவளே அதைக் குப்பையில் போட வேண்டும் என்பது விதி. ஒத்துக்கொண்டாள். போட்டுவிட்டு, அழாமல் வந்து, கட்டிலில் ஏறிப் படுத்து அப்படியே தூங்கிப்போனாள்.

ஆறு மணிக்கு மணி அடித்தது. மித்ரா சுவரிலிருந்து, கீழ்வாசலோடு பேசும் கருவியை எடுத்து, "தியா தூங்கறாங்கம்மா. எழுப்பினா அழுவா. நீங்க மேல வாங்க" என்றாள்.

கோமதி மூன்று மாடி ஏறி வந்து வாசலில் நின்றாள். நான் வழிவிட்டேன். அவள் மூச்சு வாங்கினாள். படி ஏறியதால் வாங்குகிறாளா, முகர்ந்து பார்க்கிறாளா என்று தெரியாமல் நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரியவ எல்லாம் சொன்னாளுங்க" என்றாள். "சேகோ பேக்டரியவே கொண்டாந்து வச்சிருந்தீங்களாமா."

"இப்ப எப்படி இருக்குது?"

அவள் கூடத்தின் நடுவில் வந்து நின்று, இந்த முறை நன்றாகவே இழுத்துப் பார்த்தாள்.

"ஒன்னுமே இல்லீங்க. ஒரு வாசமும் இல்ல. ஆரும் குடியில்லாத ஊடாட்ட இருக்குது."

அவள் சொன்ன பிறகு தனக்கே அது கேட்டதுபோல, குரலை மாற்றினாள். "இவ்வளவும் வேண்டியதில்லீங்க. ஊடுன்னா வெங்காயமாச்சும் மணக்கோணும். புள்ளைங்க வர அன்னிக்கு ஒரு ரசமாச்சும் வைங்க." தியாவைத் தோளில் போட்டுக்கொண்டாள். மித்ரா காலணிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். "அந்த ஆபீஸ் அம்மா மறுக்கா பேசறேன்னு சொல்லியிருக்காங்க. என்ன நடந்துச்சுன்னு நானும் சொல்றேனுங்க. அவிங்களுக்கு வெளங்குமான்னுதான் தெரியல" என்று படியில் இறங்கிக்கொண்டே சொன்னாள்.

கதவைச் சாத்திவிட்டு வெங்காயம் வதக்கினேன். அந்த வாசம் எனக்குத் தெரிகிறது.

9

நேற்றுக் கோமதி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அந்தம்மா வந்து பேசிட்டுப் போனாங்க. பெரியவ சரின்னுட்டாளுங்க. வர்ற மாசம் ஒருநா ராத்திரி. பாத்துட்டு அப்பறம் எழுதித் தருவாங்களாம்."

நான் சரி என்றேன்.

"ஆனா அவ போர்வையும் தலகாணியும் இங்கிருந்தே எடுத்தாருவாளாமா. அந்தம்மாகிட்டயே சொல்லிப்போட்டா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

"எடுத்துட்டு வரட்டும். எது வேணுமோ எடுத்துட்டு வரட்டும்."

"அப்பறம் என்னங்க?"

எனக்குக் கேட்க ஒன்று இருந்தது. கேட்கக் கூச்சமாகவும் இருந்தது. "காலையில எழுந்ததும் புள்ளைங்க என்ன சாப்பிடுவாங்க?"

அவள் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சின்னவளுக்குப் பாலுங்க. சூடு இருக்கக் கூடாது, சக்கரை வேண்டாம். குடிச்சுட்டு மறுக்கா வந்து மடியில படுத்துக்குவா, எறக்கி உடாதீங்க. பெரியவளுக்கு ஒன்னும் வேண்டாம். எந்திரிச்சா அரை மணி நேரம் ஆருகிட்டயும் பேச மாட்டா. சும்மா சொவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பா. உங்க மேல கோவம்னு நெனச்சுக்காதீங்க, எங்கிட்டயும் அப்படித்தான். பேச்சுக் குடுக்காம பக்கத்துல உக்காந்திருங்க, போதும்."

உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னேன்.